வாத்துகளுக்கு விட்ட வழி

காலையில் வெயில் நன்றாக ஏறும்வரை வாத்துக் கூண்டைத் திறக்கக் கூடாது என்பது அத்தை வீட்டில் சட்டம். கோழிகளை விடிந்ததுமே விட்டுவிடலாம். அவை இறங்கிப் போய்க் குப்பையைக் கிளறத் தொடங்கிவிடும். வாத்துகள் உள்ளேயே கிடந்து கத்த வேண்டும். முன்னதாகத் திறந்துவிட்டால் முட்டையை வாழைமரத்துச் சேற்றிலோ துவைக்கிற கல்லின் இடுக்கிலோ இட்டுவிட்டு, அப்படி ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் போய்விடும். அத்தை பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு, கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, கூண்டின் முன் குனிந்து கம்பிக் கதவை உயர்த்துவாள். வாத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வரும். அவை போனபின் ஈர வைக்கோலுக்குள் கையை விட்டுத் துழாவி, நீலம் பாரித்த முட்டைகளை எடுத்துப் பழந்துணியில் துடைத்து வைப்பாள். சென்னைக்கு வந்த புதிதில் நான் தினமும் கண்விழித்துப் பார்த்த முதல் காட்சி அதுதான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்து, சாந்தோமில் கடற்கரைக்கு இறங்குகிற ஒரு சந்தில் குடியிருந்தாள். சர்ச்சுக்குச் சொந்தமான பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். குழந்தைகள் இல்லை. மாமா இறந்து ஓராண்டு ஆகியிருந்தபோது எனக்கு நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. தனியாக இருக்கும் அக்காவுக்குத் துணை, வேலைக்குப் போகும் மகளுக்குக் காவல் என்று அப்பா என்னை அங்கே கொண்டுவந்து விட்டார். எழுபதுகளின் தொடக்கம் அது.

மாமாவின் சாவோடுதான் அந்த வீட்டில் வாத்துகளின் வாழ்வு தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு அறுப்பதற்காக மாமாவே பொன்னேரிப் பக்கத்திலிருந்து கூடையில் வாங்கி வந்த வாத்துகள் அவை. பண்டிகைக்குச் சில நாள் முன்னால், அலுவலகம் விட்டு வந்து சட்டையைக் கழற்றியவர் அப்படியே உட்கார்ந்து போய்விட்டார். துக்க வீட்டில் பண்டிகை ஏது? வாத்துகள் பிழைத்துக்கொண்டன. பிறகு அவற்றை அறுக்க அத்தைக்கு மனம் வரவில்லை. முன்பே வளர்த்துவந்த கோழிகளோடு அவற்றையும் ஒரே கூண்டில் அடைத்தாள்.

அது சரிப்படவில்லை. வாத்து இருக்கிற இடம் காய்ந்திருக்காது. கோழிகளுக்கு வைத்த தண்ணீரில் அலகை விட்டு அலசி, வைக்கோலை நனைத்து, ஒரே இரவில் கூண்டைச் சேறாக்கிவிடும். ஈரத்தில் நின்று கோழிகளுக்குச் சளி பிடித்தது. கண் வீங்கி, மூக்கடைத்து, சில கோழிகள் செத்தும் போயின. அத்தை கூண்டை இரண்டாகப் பிரித்தாள். கோழிகளுக்கு உயரத்தில் கட்டை போட்டு ஒரு பாதி; வாத்துகளுக்குத் தரையோடு தரையாக, வாசலில் சரிவுப் பலகை வைத்து மறுபாதி. நடுவில் கம்பிவலை. தண்ணீரைக் கூண்டுக்குள் வைப்பதையே நிறுத்திவிட்டு, வாத்துகளுக்கென்று கிணற்றடியில் ஒரு தொட்டி கட்ட முடிவு செய்தாள். மாமா போனபின் அத்தை ஆர்வத்தோடு செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். கொத்தனாரோடு நின்று தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினாள். அந்தச் சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன்.

"சுத்தி ஒரு சாண் சொவரு ஏத்திடட்டாம்மா? இல்ல, தரை மட்டத்துக்கே வுட்டுடவா?" என்று கொத்தனார் கேட்டார்.

"சுவர் வெச்சா வாத்து எப்படி ஏறும்? தரை மட்டமா விடுங்க."

"கொழந்த குட்டி எதுனா வந்தா வுழுந்துடப் போவுதும்மா."

அத்தை சிரித்தாள். "இந்த வீட்ல குழந்தை ஏதுப்பா?"

தொட்டி முழங்கால் ஆழம்கூட இல்லை. ஒருபக்கம் சரிவாக இறங்கும். வாத்துகள் நடந்தே உள்ளே போய் நடந்தே வெளியே வரும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்க உதவாது. அதைத்தான் இறைத்து நிரப்பினோம். வாத்துகள் முதல்முறை அதில் இறங்கித் தலையை முக்கி முக்கி எடுத்ததைப் பார்த்து அத்தை கைதட்டினாள். ஐம்பது வயதுப் பெண்மணி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, சின்னப் பெண்போலக் கைதட்டியதை நான் மறக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டு பின்கட்டுக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கம். மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஓர் ஆண் குழந்தை, அப்போதுதான் நிற்கப் பழகியிருந்தான். அவனுக்கு முருகன் பெயர்களில் ஏதோ ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அதனால் அவள் குட்டியம்மா ஆனாள். சந்தில் மீன் விற்கிறவளிலிருந்து தபால்காரர் வரைக்கும் அவளுக்கு அதுதான் பெயர்.

குட்டி தவழ்ந்ததும் நடந்ததும் பெரும்பாலும் அத்தையின் கூடத்தில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து கைப்பையை வைப்பதற்குள் அவன் அவள் காலைக் கட்டிக்கொள்வான். மூன்றாம் வகுப்பை அதட்டி அதட்டிக் கரகரத்துப் போன குரலில் அவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். அவன் முதலில் பேசிய சொற்களில் ஒன்று "பக்பக்". வாத்துக்கும் கோழிக்கும் அது பொது.

அவன் ஓடத் தொடங்கியதும் அத்தைக்குத் தொட்டியைப் பற்றிப் பயம் வந்தது. கவனமில்லாதவள் என்று அவளைப் பிற்பாடு பேசினார்கள், அது நியாயமில்லை. மூங்கில் தட்டி வாங்கிவந்து தொட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டச் சொன்னாள். தட்டிக்கு இடுப்புயரம். ஒரு பக்கத்தில் மட்டும், வாத்துகள் போய்வர, அடியில் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டினார்கள். வாத்து குனிந்து நுழையப் போதுமான இடம். அது குட்டிக்கும் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுடைய அப்பா தட்டியை அசைத்துப் பார்த்து, "நல்ல உறுதியா இருக்கு டீச்சரம்மா" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கோடையில் மழை பொய்த்து ஊரெங்கும் தண்ணீர்த் தட்டுப்பாடு. குழாயில் காற்றுத்தான் வந்தது. குடிநீருக்கு லாரி. சந்து முனையில் லாரியின் ஹாரன் கேட்டால் பெண்கள் குடங்களோடு ஓடுவார்கள். எங்கள் கிணற்றிலும் நீர் கீழே போய்விட்டதால் அத்தை தொட்டித் தண்ணீரை மாற்றுவதைக் குறைத்தாள். முன்பெல்லாம் அன்றாடம் இறைத்து வாழைக்கு விட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவாள். இப்போது அது பச்சைப் பாசி படர்ந்து, அடி தெரியாமல் கிடந்தது.

அப்போதுதான் ஒரு பழுப்புநிற நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. வாத்துகள் முட்டையிடுமே தவிர ஒழுங்காக அடைகாக்காது. அதனால் வாத்து முட்டைகளை அந்தக் கோழிக்கு அடியில் வைத்தாள் அத்தை. கோழிக்குஞ்சுக்கு ஆவதைவிட ஒரு வாரம் கூடுதலாகவே அது பொறுமையாக உட்கார்ந்திருந்தது. மஞ்சள் குஞ்சுகள் வந்தன. கொஞ்சம் வளர்ந்ததும் நேராகத் தொட்டிக்குப் போய் இறங்கின. தாய்க்கோழிக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. தட்டிக்கு அடியில் நுழைந்து, விளிம்பில் இங்கும் அங்குமாக ஓடி, சிறகை அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியது. முதல் நாள் நாங்கள் எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தோம். குட்டி அம்மாவின் இடுப்பில் இருந்தபடி அந்தக் கோழியைப் போலவே கையை அடித்துக் கத்திக் காட்டினான். மறுநாளும் கோழி கத்தியது. அதற்கு மறுநாளும். பிறகு அது கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று எனக்கு அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பக்கத்துத் தெரு மருந்துக்கடையிலிருந்து யாரோ பேசினார்கள். உடனே வரச் சொன்னார்களே தவிர எதற்கென்று சொல்லவில்லை. அத்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நடந்ததை அத்தை அதன்பின் எத்தனையோ முறை என்னிடம் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்கூட மாறாது.

பள்ளிக்கு விடுமுறை. முற்பகல். அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். லாரி ஹாரன் கேட்டது. குட்டியம்மா குடத்தோடு ஜன்னல் பக்கம் வந்து, "டீச்சரம்மா, குட்டி தூங்குதான். ஒரு எட்டுல வந்துருதேன், பாத்துக்கிடுங்க" என்றாள். "சரி, நீ போ" என்றாள் அத்தை. கை முழுக்கச் செதில். மீனை முடித்துவிட்டுப் போய் எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் கோழி கத்தத் தொடங்கியது. "இதுக்கு வேற வேலை இல்ல" என்று அத்தை வாய்விட்டுச் சொன்னாள். கோழி விடாமல் கத்தியது. வழக்கத்தைவிட அதிகம் கத்துகிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. குஞ்சுகள் ஆழத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தாள். மீனைக் கழுவி, மஞ்சள் தடவி, மூடி வைத்தாள். அப்போது கோழி ஓய்ந்துவிட்டிருந்தது.

லாரியில் தள்ளுமுள்ளு, குட்டியம்மா வரத் தாமதமாயிற்று. இடுப்பில் நிறைகுடத்தோடு வந்தவள் பாயில் பிள்ளையைக் காணாமல், அத்தையிடம்தான் இருப்பான் என்று சிரித்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தாள். "எங்க எம்புள்ள?" என்று கேட்டாள். அத்தைக்கு அந்தச் சிரிப்புத்தான் கடைசிவரை கண்ணுக்குள் நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது சந்தே வீட்டுக்குள் நின்றது. குட்டியைக் கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடியில் பச்சைப் பாசி. போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார். தட்டியைத் தாண்டிக் கையை நீட்டித் தொட்டிக்குள் லத்தியை விட்டு எடுத்தார். லத்தியின் பாதிகூட நனையவில்லை. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். யார்மீதும் புகார் உண்டா என்று குட்டியின் அப்பாவிடம் கேட்டபோது அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அன்று மாலையே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் போகவில்லை. மீன் மஞ்சள் தடவியபடியே கிடந்து நாறியது. மறுநாள் நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

தொட்டியை உடைக்க அதே கொத்தனார்தான் வந்தார். செங்கல் உடைசலையும் மண்ணையும் கொட்டிக் கெட்டித்தார். அத்தை சந்து முனைக் கறிக்கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள். எல்லாவற்றையும் கொண்டுபோகட்டும், வாத்து, கோழி, குஞ்சு ஒன்றும் மிஞ்சக் கூடாது என்றாள். அவர் சாக்கோடு வந்து நின்றபோது பின்கட்டுக் கதவு திறந்தது. நாட்கணக்காக வெளியே வராமல் இருந்த குட்டியம்மா வந்து கூண்டின் முன்னால் நின்றாள். தலை வாரவில்லை.

"ஒண்ணையும் தொடப்பிடாது" என்றாள்.

"வேணாம்மா. நீ இதுங்க மூஞ்சில முழிக்க வேணாம்" என்றாள் அத்தை.

"எம்புள்ள போம்போது கூட நின்னது இதுகதான். அந்தக் கோழி ஒண்ணுதான் ஆளக் கூப்ட்ருக்கு. அத அறுக்கவா குடுக்கப் போறீக?"

கறிக்கடைக்காரர் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவற்றை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வாத்துகள் காலையில் கூண்டை விட்டு வந்ததும் பழக்கத்தில் நேராகத் தொட்டி இருந்த இடத்துக்குப் போய், செங்கல் உடைசல்மேல் நின்று அலகால் கொத்திக்கொண்டிருக்கும். ஒருநாள் குட்டியம்மா பின்கட்டிலிருந்து ஒரு தகரத் தொட்டியைத் தூக்கி வந்தாள். குட்டியைக் குளிப்பாட்டுகிற தொட்டி அது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து அதில் ஊற்றினாள். வாத்துக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டாள். பக்கத்தில் குந்திக்கொண்டு அவை நீந்துவதைப் பார்த்தபடி இருந்தாள். கோழி கத்தியது. அவள் அதை அதட்டவில்லை. கத்தி முடிக்கும்வரை இருந்தாள்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியும். அத்தை அந்த ஜன்னலைச் சாத்திவிட்டாள். சாத்தினாலும் கோழிச் சத்தம் கேட்டது. ஜூனில் பள்ளி திறந்ததும் வேலைக்குப் போனாள். ஆனால் பிள்ளைகள் இரைந்தால் மேசையிலேயே காதைப் பொத்திக்கொள்கிறாள் என்று உடன் வேலைபார்க்கும் டீச்சர் ஒருத்தி என்னிடம் சொல்லி வருந்தினாள். தினமும் பூசைக்குப் போனாள். பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் மன்னித்துவிட்டார், ஆண்டவரும் மன்னித்திருப்பார் என்று நான் சொன்னபோது, "அவங்க ரெண்டு பேர் கிட்டயும் நான் புள்ளைய வாங்கி வெச்சுக்கலையே" என்றாள்.

கடைசியில் ஒரு மாலை அவளே கிணற்றடிக்குப் போனாள். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். குட்டியம்மா தகரத் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ரெண்டு வார்த்தை திட்டிடும்மா" என்றாள் அத்தை. "அடிச்சாலும் பரவால்ல. நீ ஒண்ணும் சொல்லாம இருக்கறது என்னால தாங்க முடியல."

குட்டியம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஏசுனா ஒங்களுக்கு மனசு ஆறிரும் டீச்சரம்மா. எனக்கு என்ன ஆறும்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நான் ஏச மாட்டேன்."

அத்தை அங்கேயே துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அதன்பிறகு அவர்கள் இருவரும் பேசியது நான் கேட்டதில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. அத்தை குழம்பு வைத்தால் ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பின்கட்டுப் படியில் வைப்பாள். கிண்ணம் கழுவித் திரும்பி வரும். முட்டைகள் கூடையில் எங்கள் வாசலுக்கு வரும். அத்தை அவற்றைத் தொடமாட்டாள். நான் எடுத்துப் பள்ளிக்கூட ஆயாவிடம் கொடுத்துவிடுவேன்.

ஓராண்டு கழித்து குட்டியம்மா மறுபடி உண்டானாள். அவள் கணவர் நங்கநல்லூரில் வீடு பார்த்தார். அப்போது அங்கே வீடுகளைவிட வெற்றுமனைகள்தான் அதிகம். வாடகை வண்டியில் சாமான் ஏற்றிய நாளில் வாத்துகளையும் கோழிகளையும் கூடைகளில் அடைத்துத் தானே தூக்கி வைத்தாள். பழுப்புக் கோழியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை வாசலில் நின்றாள். வண்டி கிளம்பியபோது குட்டியின் அப்பா கைகூப்பினார், குட்டியம்மா திரும்பவில்லை. அன்று சாயங்காலம் வெறுங்கூண்டைக் கழுவி, கம்பிவலையைப் பிரித்துச் சுருட்டி வைத்தாள் அத்தை.

இரண்டு ஆண்டு கழித்து ஒருமுறை, அவர்களைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அத்தை என்னை அனுப்பினாள். போனேன். வீட்டைச் சுற்றிப் பொட்டல். பின்பக்கம் ஓலைக்கூரை போட்ட கூண்டு, கோழிக்கு ஒரு பாதி, வாத்துக்கு ஒரு பாதி, அத்தை செய்திருந்தது போலவே. தண்ணீருக்கு ஓர் அகலமான மண்சட்டி மட்டும். அதில் தண்ணீர் உள்ளங்கை ஆழம் இருக்கும். பெண்குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு பழம்புடவையின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை அம்மாவின் இடுப்பில். அப்படித்தான் சமைத்தாள், பெருக்கினாள். எனக்குக் காப்பி கொண்டுவரும்போதும் குழந்தை பின்னால் இழுபட்டபடி வந்தாள். அத்தை எப்படி இருக்கிறாள் என்று குட்டியம்மா கேட்கவில்லை. நானும் திரும்பி வந்து, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

எனக்குக் கல்யாணமாகி அடையாற்றுக்குப் போனேன். அத்தை தனியாகவே இருந்தாள். எழுபதுகள் முடியும் தறுவாயில், பள்ளியிலிருந்து ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கவாதம் வந்து, பேச்சு போய், சில வாரங்களில் இறந்தாள். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன; கிணறு இருந்த இடத்தில் கார்கள். ஆனால் நான் அந்தச் சந்தைக் கடக்கும்போது நினைத்துக்கொள்வது அவளுடைய அடக்க நாளைத்தான்.

நங்கநல்லூருக்கு நான் ஆள் அனுப்பியிருந்தேன். வருவாள் என்று நம்பவில்லை. வந்தாள். கூட்டத்தில் யாரோ, "குட்டியம்மா வந்திருக்கு, வழி வுடுங்க" என்றார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயர்தான். அவள் கூடத்துக்குள் வந்து பெட்டியின் அருகே நின்றாள். அத்தைக்கு வெள்ளைப் புடவை உடுத்தி, விரல்களில் செபமாலை சுற்றியிருந்தார்கள். வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏசத் தொடங்கினாள்.

"பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? சரின்னு சொன்னீகல்லா? கோழி அந்தக் கத்துக் கத்துச்சே, ஒரு எட்டு வந்து பாத்தா என்ன? மீனு பெருசாப் போச்சா? எம்புள்ளயக் கொன்னுட்டீகளே டீச்சரம்மா. வாத்துக்கு வழி விட்டீக, எம்புள்ளைக்கும் வழி விட்டீகளே..."

பெண்கள் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "பொணத்துக்கு முன்னால என்ன பேச்சு இது?" என்று ஒருத்தி அதட்டினாள். விடுங்கள், பேசட்டும் என்று நான் அவர்களை விலக்கினேன். அவள் நிறுத்தவில்லை. அத்தனை ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். குரல் கம்மி, மூச்சு வாங்கி, பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"எழுப்புனா அழுவான்னுதான் விட்டுட்டுப் போனேன் டீச்சரம்மா. தூக்கிட்டே போயிருக்கலாம்லா. இடுப்புல குடம் இருந்துச்சு. அதான் விட்டுட்டுப் போனேன்."

பங்குச் சாமியார் வந்து வாசலில் நின்றிருந்தார். அடக்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் வெளியே போய் அவரைக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன்.